மேல்தொட்டியும் ஒரு பேட்டரிதான்

இன்வெர்ட்டர் கடையில் கால் வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "வீட்டுல எத்தனை ஃபேன், எத்தனை லைட்?" என்பதுதான். ஸ்ரீரங்கத்தில் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பொது ஜெனரேட்டர் வைத்திருக்கிற அடுக்குமாடி வீடுகளுக்கு அந்தக் கேள்வி போதும். மருங்காபுரிப் பக்கம் போதாது. ஒரே மாவட்டம்தான், ஆனால் காவிரிப் பாசனம் இந்த மேட்டுக்கு ஏறாது. குளம், கிணறு, போர் இதை நம்பித்தான் பிழைப்பு. கரண்ட் போனால் வியர்ப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், குடம் காலியாவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால் இங்கே பேக்கப் திட்டம் போடுகிறவர்கள் ஃபேனை விட்டுவிட்டு மோட்டாரிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

கரண்ட் கட்டில் இரண்டு ஜாதி உண்டு. 2012-ல் பார்த்தது ஒன்று. சென்னைக்கு 2 மணி நேரம் என்று இருந்தபோது மற்ற மாவட்டங்களில் அது 10 மணி நேரத்தையும் தாண்டியது. ஆனாலும் போன கரண்ட் திரும்பி வந்தது, பேட்டரி அரைகுறையாகவாவது சார்ஜ் ஏறியது. இன்னொன்று 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல். டெல்டாவிலும் பக்கத்துப் புதுக்கோட்டையிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சில கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எவ்வளவு நல்ல இன்வெர்ட்டரும் முதல் ராத்திரியோடு சரி. அப்போது ஊர் ஊராகத் தேடியது பேட்டரியை அல்ல, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டரை. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒரேயடியாகப் பெரிதாக ஒன்றை வாங்கி மாட்டாமல், துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டு போகும்படி திட்டம் போடச் சொல்வது இதனால்தான்.

சின்ன கட்டுக்கு முதலில் கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் காகிதத்தில் 1800 வாட் அவர் இருக்கிறது. அதைப் பாதிக்கு மேல் காலி செய்துகொண்டே இருந்தால் ஆயுசு குறையும். மீதிப் பாதியிலும் இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்றுவிடும். கைக்கு வருவது சுமார் 750. சாதாரண ஃபேன் இரண்டு 150 வாட், எல்இடி பல்பு நான்கு 36 வாட், செல்போன் சார்ஜர் வகையறா 15 வாட். ஆக 200 வாட் என்று வைத்தால் நாலு மணி நேரம்கூட வராது. அந்த இரண்டு ஃபேனையும் 30 வாட் இழுக்கும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றிவிட்டால் மொத்தமே 110 வாட்தான், அதே பேட்டரி ஆறு மணி நேரத்தையும் தாண்டும். இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட இது மலிவு. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் விற்பது பேட்டரி ஆயிற்றே!

மோட்டாரை இந்த இன்வெர்ட்டரில் போடவே கூடாது. ஒரு ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட் பக்கம் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் பெரிதாக்குவது கோழிக்குஞ்சுக்கு யானைக் கூண்டு செய்கிற மாதிரி. தண்ணீரைச் சேமிக்கத் தொட்டி இருக்கும்போது கரண்டாக ஏன் சேமிக்க வேண்டும்? 60 மீட்டர் ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டரை மேலே கொண்டுவர, பம்பின் நஷ்டத்தையும் சேர்த்தால் சுமார் அரை யூனிட் செலவாகும். நிரம்பிய தொட்டி என்பது அந்த அரை யூனிட்டை மாடியில் தூக்கி வைத்த மாதிரி. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டாம், திருச்சி வெயிலில் ஆயுசும் குறையாது (லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு). நாலு பேர் சிக்கனமாக இருந்தால் ஆயிரம் லிட்டர் மூன்று நாள் வரும். இரண்டாவது தொட்டி வைத்தால் ஒரு வாரத்தைத் தொட்டுவிடலாம்.

அதற்கும் மேல் நீளும் கட்டுக்குத்தான் ஜெனரேட்டர். ராத்திரி முழுக்க நாலு பல்புக்காக அதை உறும விடுவது பெட்ரோலுக்குப் பிடித்த தண்டம். மோட்டாரைக் கிளப்பும் அளவுக்குத் தெம்புள்ள ஒன்றை, பகலில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் தொட்டியும் நிரம்பும், பேட்டரியும் ஓரளவு சார்ஜ் ஏறும். ராத்திரிக்கு பேட்டரி பார்த்துக்கொள்ளும். புகை வீட்டுக்குள் வராதபடி திறந்த வெளியில் வையுங்கள், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இன்னொன்றில் நான் கறாராக இருப்பேன். இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயரை ஜெனரேட்டரிலிருந்து வீட்டு பிளக்கில் செருகிவிடும் பழக்கம் இருக்கிறதே, அது கொலை. அந்த கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிவிடும். அங்கே கம்பத்தில், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி லைன்மேன் ஏறியிருப்பார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டால் ஒரு நேரத்தில் ஒரு வழிதான் திறக்கும். எலக்ட்ரீஷியன் கூலியோடு சேர்த்தாலும் திட்டத்திலேயே மலிவான உருப்படி இதுதான், முதலில் வாங்க வேண்டியதும் இதுதான். கூடவே ஃபேன், லைட்டுக்கு ஒரு லைன், மோட்டாருக்குத் தனி லைன் என்று வயரிங்கைப் பிரித்துவிடுங்கள்.

பிறகு மெல்ல மெல்லச் சேர்க்கலாம் என்றால் இன்வெர்ட்டரின் வோல்டேஜை இன்றே யோசிக்க வேண்டும். 12 வோல்ட் இன்வெர்ட்டர் கடைசிவரை 12 வோல்ட்தான். மூன்று வருஷப் பழைய லெட் ஆசிட் பேட்டரியோடு புதிதைச் சேர்த்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு சாகும். வசதி இருப்பவர்கள் 48 வோல்ட் வகை லித்தியத்துக்குப் போகலாம். 51.2 வோல்ட், 100 ஏஎச் பெட்டி ஒன்றில் 5 யூனிட் இருக்கும், அடுத்த வருஷம் அதே மாடல் பெட்டியைப் பக்கத்தில் இணைத்துக்கொள்ளலாம். சோலார் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-ல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய்வரை மானியம் உண்டு. ஆனால் பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். அதே லைன்மேனுக்காகத்தான். கட்டிலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் என்று கேட்டு வாங்குங்கள்.

ஜெனரேட்டர் மட்டும் வீட்டுக்கு ஒன்று தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஐந்து வீட்டுக்கு ஒன்று தாராளம். தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாக உருட்டிக்கொண்டு போகலாம். பெட்ரோல் அவரவர் செலவு. ஐந்து வீட்டிலும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டியிருந்தால் மட்டும்.