முதலில் வேலை, பிறகு வழக்கா?



ஆண்டு மலருக்கு விமான பைலட்டுகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "ராயபுரத்துக்காரனுக்கு பைலட்டோட என்னப்பா சோலி?" என்று நண்பர்கள் சிரித்தார்கள். சோலி இருக்கிறது. படிப்பு முடிந்ததும் நாமெல்லாம் ஏதோ ஒரு கம்பெனியில் போய் நிற்கப் போகிறோம். "இதைச் செய்" என்று ஒருவர் சொல்வார். இது நம்ம வேலையே இல்லையே, ஒப்பந்தத்தில் இப்படி இல்லையே என்று நமக்குத் தோன்றும். அந்த நிமிடத்தில் செய்வதா, மறுப்பதா? இந்தக் கேள்வியோடு பல வருடமாக மல்லுக்கட்டி, கோர்ட் படியும் ஏறியவர்கள் பைலட்டுகள்.

அமெரிக்காவில் ரயில் தொழிலுக்காக 1926-ல் ஒரு சட்டம் வந்தது. 1936-ல் விமானக் கம்பெனிகளையும் அதில் சேர்த்தார்கள். ஒப்பந்தத்தின் ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று தகராறு வந்தால், அதற்காக வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. நடுவர் குழுவுக்குத்தான் போக வேண்டும். அதனால் அங்கே பைலட்டுகளுக்குச் சங்கமே சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: ஒப்பந்தத்துக்கு மாறாக டிரிப் போட்டிருந்தாலும் முதலில் ஓட்டு, இறங்கிவந்து புகார் எழுது. ஜெயித்தால் பணமாகவோ லீவாகவோ திரும்பி வரும். மறுத்தால், நியாயம் உன் பக்கமே இருந்தாலும், 'கீழ்ப்படியவில்லை' என்று வேலைக்கே உலை வைப்பார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, பாதுகாப்பு. உடம்பு அசந்துபோய்விட்டது, விமானத்தில் கோளாறு என்றால் கேப்டன் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். புதிதாக வரவிருந்த போயிங் 787 டிரீம்லைனரில் யாருக்குப் பயிற்சி என்று இரு பக்கத்து பைலட்டுகளுக்கும் தகராறு. பழைய ஏர் இந்தியாக்காரர்களின் சங்கமான இந்தியன் பைலட்ஸ் கில்டைச் சேர்ந்தவர்கள் 2012 மே மாதம் கூட்டம் கூட்டமாக 'உடம்பு சரியில்லை' என்று லீவு போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூறு பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள், சங்கத்தின் அங்கீகாரமும் போனது. 58 நாள் கழித்து, ஜூலையில், கோர்ட்டில் உறுதி கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். காய்ச்சல் இல்லாமல் காய்ச்சல் லீவு போட்டதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். இணைப்பு நடந்தது 2007-ல். யார் சீனியர், யாருக்கு எந்த விமானம் என்பதைப் பார்க்க நீதிபதி தர்மாதிகாரி குழு போட்டு, அது அறிக்கை கொடுத்தது 2012 ஜனவரியில். ஐந்து வருடம்! 'முதலில் வேலை செய், பிறகு கேள்' என்று சொல்ல, அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்றும் சொல்லத் தெரிய வேண்டாமா?

இனி நம்ம ஊர். திருப்பூரில் பனியன் தொழிலுக்குப் பொது ஒப்பந்தம் உண்டு. முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில வருடங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது. அது சும்மா வந்ததல்ல. 1984-ல் பஞ்சப்படிக்காக மட்டும் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அந்த ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், அயர்ன், பேக்கிங், செக்கிங், கைமடி என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு என்று இருக்கும். எங்கள் அக்கா ஓவர்லாக் டெய்லர், ஷிப்ட் சம்பளம். ஒரு வாரம் கைமடிக்கு ஆள் வரவில்லை. "ஷிப்மென்ட் போகோணும் கண்ணு, ரெண்டு நாளைக்கு அங்க நில்லு" என்றார்கள். நின்றாள். சனிக்கிழமை கவரைப் பிரித்தால், அந்த ரெண்டு நாளுக்கும் கைமடிக் கூலி! கேட்டதற்கு, "அடுத்த வாரம் பார்த்துக்கலாமுங்க" என்று பதில். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. பைலட் சொல்லும் பாடத்தை அக்கா அப்படியே செய்திருக்கிறாள். வேலையும் செய்தாள், புகாரும் சொன்னாள். வாங்கிப் படிக்கத்தான் அங்கே ஆளில்லை.

"அப்போ மறுத்துவிட வேண்டியதுதானே?" என்பார்கள் நம் வீரர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கைமடியில் ரெண்டு நாள் நிற்பதால் யாரும் செத்துப்போவதில்லை. போன கூலியைப் பின்னால் வாங்கிவிடலாம். அதற்காக லைனை நிறுத்தினால் பக்கத்து மிஷின் ஆட்களுக்கும் வேலை போகும். பணத்தால் திருப்பித் தரக்கூடிய நஷ்டம் என்றால், செய்துவிட்டு, அன்றே தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். திரும்ப வாங்க முடியாத நஷ்டம் வேறு ரகம். 2025 மே மாதம் நம் மாவட்டத்துக் கரைப்புதூரில், சாயப்பட்டறைத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்துபோனார்கள். அவர்கள் எந்த நடுவர் குழுவுக்குப் போய்ப் புகார் எழுதுவது? தொட்டியில் இறங்கு, கார்டு இல்லாமல் மிஷினை ஓட்டு, உள்ளே பிரஷர் இருக்கும்போதே மூடியைத் திற என்றால், அந்த இடத்தில் நாம்தான் கேப்டன். நாளைக்கு நாமே சூப்பர்வைசராகி அந்த வார்த்தையைச் சொல்ல நேர்ந்தாலும் இதே கணக்குத்தான்.

நமக்கு இன்னொரு சிக்கல், யாரும் வகுப்பில் சொல்லாதது. அப்ரண்டிஸாகச் சேர்ந்தால், 1961-ஆம் வருடச் சட்டப்படி நாம் தொழிலாளியே அல்ல, பயிற்சியாளர். சூப்பர்வைசர் ஆகி மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி அப்போதும் 'தொழிலாளி' அல்ல. ஆக, பைலட்டுக்கு இருக்கும் ஒப்பந்தமும் கிடையாது, அக்காவுக்கு இருக்கும் பொது ஒப்பந்தமும் கிடையாது! கையில் இருப்பது சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள் மட்டும். (அதைப் படித்துப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!) ஆனால் அதே 1961 சட்டத்தில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. பயிற்சி ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் வாங்கக் கூடாது. அவரும் பயிற்சிக்கு நல்லது, அல்லது பொதுநலனுக்குத் தேவை என்றால் மட்டுமே அனுமதி தரலாம். நம் சீனியர்களில் எத்தனை பேர் 'ஒன்றரை ஷிப்ட்' பார்க்கிறார்கள் என்று விசாரித்தால் தெரியும், இந்த வரியை எத்தனை கம்பெனிகள் படித்திருக்கின்றன என்பது.

எனவே நம் மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் ஒவ்வொரு கம்பெனியிடமும், கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத் தாளின் நகல் வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். சேர்ந்தபின் தகராறு வந்தால் புகாரை யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மனு எழுதி வைத்திருக்கிறேன். கடைசி வருட மெக்கானிக்கல் வகுப்பில் இருக்கிறது, கையெழுத்துப் போட வாருங்கள். பேனா கொண்டுவாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.