பாம்புக்கடி: ஜவ்வாது மலைக் குடும்பங்களின் உயிரைக் காப்பது மருந்தா, நேரமா?

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் இருக்கிறது அமிர்தி. வார விடுமுறையில் அருவி, சிறிய உயிரியல் பூங்கா, கொஞ்சம் மலைக்காற்று என்று போய் வருகிற இடமாகத்தான் நம்மில் பலருக்கு அதைத் தெரியும். சாயங்காலம் ஆனதும் நாம் கீழே இறங்கிவிடுவோம். ஜவ்வாது மலையில் சாமை விதைத்து, புளி உலுக்கி, பலா இறக்கி வாழ்கிற குடும்பங்கள் அங்கேயேதான் இருக்கின்றன. இருட்டிய பிறகு அந்த வீடுகளில் ஒருவரைப் பாம்பு கடித்தால் என்ன நடக்கும்?

2023 மே மாதம் அதற்கான பதிலைத் தமிழ்நாடே பார்த்தது. இதே மலைத்தொடரில், அணைக்கட்டு வட்டம் அல்லேரி மலையில் உள்ள ஒரு குக்கிராமத்தில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தூக்கத்தில் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லை. மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸும் சாலை முடிந்த இடத்தோடு நின்றுவிட்டது. மீதித் தூரத்துக்குக் குழந்தையின் உடலைக் கையில் சுமந்தபடி நடந்துதான் பெற்றோர் ஊருக்குப் போனார்கள்.

அந்தக் காட்சியைப் பார்த்து எல்லாரும் கலங்கினோம், அடுத்த செய்திக்கும் போய்விட்டோம். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பாம்பு வரும். அதனால் இரண்டு கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. குடும்பம் என்ன செய்யலாம்? அரசு என்ன செய்தே ஆக வேண்டும்?

எவ்வளவு பெரிய பிரச்சினை இது?

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களில் கால்வாசிக்கும் மேல் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். பெரும்பாலான சாவுகள் கிராமங்களில்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் பாம்புக்கடிச் சாவுகளைப் பாதியாகக் குறைப்போம் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை 'அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்' ஆக்கியது. அதாவது அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, பாம்புக்கடி கேஸ் வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நல்ல முடிவுதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்தான் கணக்கில் வருவார். பாதி வழியிலேயே இறந்து, அப்படியே வீட்டுக்குத் திரும்பிய உடல் எந்தப் பதிவேட்டில் ஏறும்?

எந்தப் பாம்பு, எப்போது?

நம் ஊரில் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் நான்கு வகைப் பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வருஷம் முழுக்கக் கவனம் தேவைதான், ஆனால் ஆபத்து வருகிற விதம் பருவத்துக்குப் பருவம் மாறும்.

மழைக்காலத்தில் வளைகளில் தண்ணீர் புகுந்ததும் பாம்புகள் காய்ந்த இடம் தேடி வெளியே வரும். அறுவடை நேரத்தில் தானியத்தைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கோடையில் புழுக்கம் தாங்காமல் வாசலிலும் திண்ணையிலும் தரையில் படுக்கிறோம். இரவில் நடமாடும் கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் இப்படித் தரையில் தூங்குபவர்களைத்தான்.

கட்டுவிரியன் கடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல சமயம் வலியே இருக்காது, கடித்த தடம்கூடக் கண்ணில் படாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, கண் இமை சொருகுதல், விழுங்கச் சிரமம் என்று ஆரம்பிக்கும். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை போல" என்று விட்டுவிடக் கூடாது. தரையில் படுத்து எழுந்தவருக்கு இப்படி இருந்தால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வீட்டில் என்னென்ன செய்யலாம்?

செலவு அதிகம் இல்லாதவைதான் எல்லாம்.

கொசுவலை கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுத் தூங்குங்கள். கொசுவோடு சேர்த்துப் பாம்பையும் அது தடுக்கும். முடிந்தால் குழந்தைகளைக் கட்டிலில் படுக்க வையுங்கள். ராத்திரி வெளியே போகும்போது டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போகாதீர்கள். விறகு அடுக்கு, கோழிக்கூடு, தானிய மூட்டை ஆகியவை படுக்கிற இடத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும். விறகை எடுக்கும் முன் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள்.

கடித்துவிட்டால்?

முதலில் 108க்கு அழையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்த பிறகு அவை சதையை இறுக்கும். கடிபட்ட கையையோ காலையோ ஒரு கட்டையோடு சேர்த்து, இறுக்காமல் துணியால் கட்டி அசையாமல் வையுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள்.

கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மஞ்சளோ பச்சிலையோ வைத்துக் காத்திருப்பது எதுவுமே வேண்டாம். இறுக்கிக் கட்டினால் அந்தக் காலையே இழக்க நேரலாம். மந்திரித்துத்தான் ஆக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அவர்களோடு சண்டை போட நேரமில்லை. "போற வழியிலேயே வேண்டிக்கலாம் தாத்தா, இப்ப வண்டியை எடுக்கணும்" என்று கிளம்பிவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் வர முடியாத இடமா? பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவே கடிபட்டவரை உட்கார வைத்து, ஆம்புலன்ஸ் நிற்கிற இடம் வரை கொண்டு வரலாம். நினைவு தப்பியிருந்தாலோ வாந்தி எடுத்தாலோ ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தூக்கி வர வேண்டும்.

பாம்பை அடித்து எடுத்து வர வேண்டியதில்லை. இங்கே கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. அதற்கான விஷத்தைச் சேகரித்துக் கொடுப்பதில் பெரும் பங்கு, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. நாடு முழுக்கப் போகிற மருந்தின் பின்னால் ஒரு பழங்குடிச் சமூகத்தின் உழைப்பு இருக்கிறது. அந்த மருந்து ஒரு பழங்குடிக் குழந்தைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அரசு செய்ய வேண்டியது என்ன?

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு குடும்பம் சரியாகச் செய்தாலும் மிச்சமாவது சில நிமிடங்கள்தான். சாலை இல்லாததால் போவது மணிக்கணக்கான நேரம். 'விழிப்புணர்வு இல்லை' என்று பழியைப் பெற்றோர் மேல் போட்டுவிட்டு நகர முடியாது.

முதலாவது, மருந்து. மலையில் இருக்கிற ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விஷமுறிவு மருந்தும், இரவில் அதைக் கொடுக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். பொடி வடிவில் வரும் மருந்துக்கு ஃபிரிட்ஜ் கட்டாயமில்லை என்பதால், கரன்ட் போய்ப் போய் வருகிற இடம் என்று காரணம் சொல்ல முடியாது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்க ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயும் 20 நிமிடமும் போதும். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான், ஏனென்றால் ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை. முதல் டோஸை மேலேயே கொடுத்துவிட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கலாம்.

இரண்டாவது, சாலை. "காடு, அனுமதி கிடைக்காது" என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு சாலை, மருந்தகம், பள்ளி உள்ளிட்ட வசதிகளுக்கு வனநிலத்தைப் பயன்படுத்த வழி தருகிறது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், ஒவ்வொரு பணிக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. 3.75 மீட்டர் அகலச் சாலை என்றால் 1 ஹெக்டேரில் சுமார் 2.7 கி.மீ. வரும். அதைவிட நீளமான சாலைக்கு 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும். தாமதமாகும், ஆனால் முடியாதது இல்லை. எந்தக் கிராமத்தின் கோப்பு எந்த மேஜையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பதை மாவட்ட நிர்வாகம் வெளிப்படையாகச் சொல்லலாமே?

மூன்றாவது, கணக்கு. மருத்துவமனைக்கு வராத சாவுகளையும் கிராம சுகாதாரச் செவிலியர் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். கடித்தது முதல் மருந்து ஏறியது வரை ஆன நேரத்தையும் ஒவ்வொரு கேஸிலும் எழுத வேண்டும். எந்தக் கிராமத்துக்கு முதலில் சாலை வேண்டும் என்பதை அந்த ஒரு எண்ணே காட்டிவிடும்.

அடுத்த முறை அமிர்திக்குப் போகும்போது, சாலை எங்கே முடிகிறது என்று ஒரு நிமிஷம் கவனித்துப் பாருங்கள். அதற்கு அப்பாலும் வீடுகள் இருக்கின்றன, அங்கேயும் இன்றைக்கு ராத்திரி குழந்தைகள் தரையில்தான் தூங்கப் போகிறார்கள்.