எங்கள் நகரத்துக் கிற்றார்காரர்



ஒஸ்கார் பீற்றர்சன் என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெல்சன் சைமண்ட்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறோம். இருவரும் கறுப்பினத்தவர்கள். இருவரும் மொன்றியலில் ஜாஸ் வாசித்தவர்கள். முன்னவர் பியானோ, பின்னவர் கிற்றார். இந்த மாதம் பின்னவரைப் பற்றி எழுதுகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. நம் இளையோர் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்த இரண்டு தம்பிமாரும் செப்ரெம்பரில் சிஜெப்புக்குப் போனார்கள். அதோடு கிற்றார் இரண்டும் உறைக்குள் போய்விட்டன. அவர்களில் ஒருவரின் அப்பா ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும்போது எங்களிடம் கேட்டார்: "தங்கச்சி, உதை வாசிச்சு உவன் எங்க போய்ச் சேரப்போறான்?" அன்று நாங்கள் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கு எங்களுக்குத் தெரிந்த பதில், எங்கேயும் போய்ச் சேராத ஒரு கிற்றார்காரரின் கதைதான்.

நெல்சன் சைமண்ட்ஸ் 1933இல் நோவா ஸ்கோஷியாவில், ஹலிஃபாக்ஸ் நகரத்துக்கு வெளியே உள்ள ஹம்மண்ட்ஸ் பிளெயின்ஸில் பிறந்தார். 1812 யுத்தத்தின்போது அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்களுக்கு அங்கே காணி கொடுத்தார்கள். கல்லும் காடுமான காணி. அகதிகளாக வந்தவர்களின் ஊர் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. சைமண்ட்ஸ் சிறுவயதில் பாஞ்சோவும் கிற்றாரும் தொட்டார். சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை, தானாகவே பழகினார். 1951இல் ஒன்ராறியோவின் சட்பரிக்குப் போனார். பிறகு 1955 முதல் மூன்று வருடம், ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கும் கார்னிவல் கூட்டங்களின் வாத்தியக் குழுக்களோடு கனடாவிலும் அமெரிக்காவிலும் திரிந்தார்.

அந்த மூன்று வருடம்தான் அவருடைய பல்கலைக்கழகம் என்று சொல்வோம். கார்னிவலில் "எனக்கு இது வராது" என்று சொல்ல முடியாது. பாட்டுக்காரி புளூஸ் பாடினால் புளூஸ், நடனம் என்றால் நடனம், வேகமாக என்றால் வேகமாக. அடுத்த ஊரில் வேறு பாட்டுக்காரி, வேறு சுருதி.

புளூஸ் தெரியாத தம்பிமாருக்கு ஒரு சிறு விளக்கம். புளூஸின் அடிப்படை வடிவம் 12 அளவைகள் கொண்ட ஒரு வட்டம். மூன்றே மூன்று கோட்ஸ். ஜி சுருதியில் என்றால் ஜி, சி, டி. நீங்கள் ஞாயிறு காலையில் பிடிக்கிற அதே மூன்றுதான். வித்தியாசம் அதற்கு மேலே வருகிற ராகத்தில் இருக்கிறது. மூன்றாம், ஏழாம் சுரங்களைச் சற்றுத் தாழ்த்தி, கம்பியை விரலால் தள்ளி இழுத்து, அழுகைக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு குரலை வரவழைப்பார்கள். நம் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாக இருக்காது. ஜாஸ் அந்த மூன்று கோட்ஸுக்கு இடையில் இன்னும் பல கோட்ஸைக் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒன்றை அந்த இடத்திலேயே கட்டும். சைமண்ட்ஸுக்கு இரண்டும் கைவந்தன. ஜாஸில் எவ்வளவு தூரம் போனாலும் அவர் வாசிப்பில் புளூஸ் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதுதான் எங்களுக்குப் பிடித்தது.

1958இல் மொன்றியலுக்கு வந்தார். இனி நமக்குத் தெரிந்த இடங்கள்.

டோர்வலில் 211 பஸ் எடுத்தால் லியோனெல்-குரூ மெட்ரோவில் இறங்குவோம் அல்லவா? அதற்குக் கிழக்கே உள்ளது லிற்றில் பேர்கண்டி. றெயிலில் பயணிகளின் பெட்டி தூக்கி, படுக்கை விரிக்கும் போர்ட்டர் வேலை அந்தக் காலத்தில் கறுப்பின ஆண்களுக்கு எளிதில் கிடைத்த மிகச் சில வேலைகளில் ஒன்று. அவர்கள் நிலையங்களுக்கு அண்மையில் குடியிருந்தார்கள். ஒஸ்கார் பீற்றர்சனின் தகப்பனும் போர்ட்டர்தான். ரூஃபஸ் ரொக்ஹெட் என்ற ஜமேக்காக்காரரும் போர்ட்டராக இருந்து சேர்த்த காசில் 1928இல் சென்ற் அந்துவான், மவுண்டன் வீதிகளின் மூலையில் 'ரொக்ஹெட்ஸ் பரடைஸ்' என்ற கிளப்பைத் திறந்தார். வாசலில் நின்று பெண்களுக்குப் பூக் கொடுத்து வரவேற்பாராம். கிளப் என்றதும் சில அம்மாமார் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனால் நகரின் மேல்பகுதி மேடைகள் பல கறுப்பினக் கலைஞர்களுக்குத் திறக்காத காலத்தில் அவர்கள் தொழில் செய்து குடும்பம் பார்த்த இடம் அது. சைமண்ட்ஸும் அங்கே வாசித்தார். 1960களில் 'பிளாக் பொட்டம்' என்ற இடத்தில் வாசித்தார். அங்கே மற்ற கிளப்புகள் மூடிய பிறகுதான் கூட்டம் சூடுபிடிக்கும். வேறு மேடைகளில் வேலை முடித்த கலைஞர்களும் வந்து கேட்பார்கள்.

அவரோடு நீண்ட காலம் சேர்ந்து வாசித்தவர் சார்லி பிடில், பிலடெல்ஃபியாவிலிருந்து 1948இல் வந்து இங்கேயே தங்கிவிட்ட பேஸ் வாத்தியக்காரர். சில காலம் இவர்கள் இருவர் மட்டுமே வாசித்தார்கள். டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. கிற்றார்காரர்களுக்குத் தெரியும் அது என்ன பாடு என்று. மெட்டு, கோட்ஸ், தாளம் மூன்றையும் ஒரே கை சுமக்கவேண்டும். கை நின்றால் மண்டபம் நின்றுவிடும்.

இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறோம்.

1949இல் நோர்மன் கிரான்ஸ் என்ற அமெரிக்க இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் மொன்றியலில் ஒரு டாக்சியில் விமான நிலையம் போய்க்கொண்டிருந்தார். அந்த நாளில் விமான நிலையம் என்றால் நம் டோர்வல்தான். டாக்சி வானொலியில் பியானோ கேட்டது. இசைத்தட்டா என்று கேட்டார். இல்லை, நகரத்தில் அல்பேர்ட்டா லவுஞ்சிலிருந்து நேரடி ஒலிபரப்பு என்றார் சாரதி. டாக்சியைத் திருப்பச் சொன்னார். அதே வருடம் ஒஸ்கார் பீற்றர்சன் நியூயோர்க்கில் கார்னகி ஹோல் மேடையில் இருந்தார். இப்படித்தான் அந்தக் கதை சொல்லப்படுகிறது.

சைமண்ட்ஸுக்காக எந்த டாக்சியும் திரும்பவில்லை. அவரும் டாக்சியைத் தேடி ஓடியவர் அல்ல. தன்னை விற்கத் தெரியாத, விற்க விரும்பாத, அமைதியான மனிதர். 1984இல் மேரி எலன் டேவிஸ் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் பெயரிலேயே 'அமைதியான ஜாஸ் மனிதர்' என்ற சொற்கள் இருக்கின்றன. தொலைக்காட்சி வந்தது, ரொக் இசை வந்தது, டிஸ்கோ வந்தது. கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடின. நாம் டவுன்ரவுனுக்குக் காரில் போகும் அந்த வில்-மரி அதிவேகச்சாலைக்காக அந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றை இடித்தார்கள். சைமண்ட்ஸ் கிடைத்த இடத்தில் வாசித்தார். கோடைகளில் பிடிலோடு லோறன்ஷியன் மலைப்பக்க விடுதிகளிலும் வாசித்தார். அவர் பெயரை முன்னால் போட்டு வந்த தட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 'கெற்றிங் பேர்சனல்' என்ற தட்டை மொன்றியலின் ஜஸ்ரின் டைம் நிறுவனம் வெளியிட்டபோது அவருக்கு ஏறக்குறைய 60 வயது. நகரத்து ஜாஸ் விழா பின்னர் ஒஸ்கார் பீற்றர்சன் பெயரிலான விருதை அவருக்குக் கொடுத்தது.

இதைப் பெருமை மட்டுமாக எழுத எங்களால் முடியவில்லை. அவருடைய முப்பதுகளும் நாற்பதுகளும், விரலில் வேகம் உச்சத்தில் இருந்த ஆயிரக்கணக்கான இரவுகளும், பெரும்பாலும் காற்றோடு போய்விட்டன. தோலின் நிறம் வேறாக இருந்திருந்தால் சில கதவுகள் முன்பே திறந்திருக்கும். அது நட்டம். அவருக்கு மட்டுமல்ல, நமக்கும் நட்டம்.

ஆனால் தோல்வியா என்று கேட்டால், இல்லை. நாங்கள் இரவு 12 மணி முதல் காலை 8 மணி வரை வேலை செய்கிற தாதியர். எங்கள் வேலையும் கோப்பில் நான்கு வரிதான்: நாடி, அழுத்தம், மருந்து கொடுத்த நேரம், நோயாளி உறங்கினார். மூன்று மணிக்குப் பயந்து விழித்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது எந்தக் கோப்பிலும் வராது. விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போவார். எங்கள் பெயர் நினைவிருக்காது. அதனால் அந்த இரவு நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? சைமண்ட்ஸ் தன் நகரத்துக்காரருக்கு ஏறக்குறைய 40 வருடம் இரவு வேலை செய்தார் என்றுதான் நாங்கள் பார்க்கிறோம். மேசையில் பத்துப் பேர் இருந்தாலும் வாசித்தார். அவருக்கு முன்னால் உட்கார்ந்து விரலைப் பார்த்தே பழகிய இளம் கிற்றார்காரர்களும் இந்த நகரத்தில் இருந்தார்கள்.

இன்னொன்று, தொழில் ரீதியாக. இரத்தத்தில் சீனி பார்க்க நோயாளியின் விரலில் ஊசி குத்துவோம். கிற்றார் வாசிப்பவரின் இடதுகை விரல்நுனி தடித்திருக்கும். மற்றக் கையைத்தான் கேட்போம். நோயாளியிடம் "என்ன வாத்தியம்?" என்று கேட்டால் முகம் மாறிவிடும். வாசிப்பதை விட்டால் சில வாரங்களிலேயே அந்தத் தடிப்பு உரியத் தொடங்கும். சிஜெப் தம்பிமாரே, உங்கள் விரலை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

சைமண்ட்ஸ் 2008 ஒக்ரோபரில், 75 வயதில், இதே நகரத்தில் காலமானார். 1958இல் வந்தவர், 50 வருடம்.

அப்பாவுக்கு: அண்ணை, உங்கள் மகன் பொறியியலே படிக்கட்டும். வாரத்தில் ஒரு மாலை கிற்றார் வாசித்தால் சோதனைப் புள்ளி குறையாது என்று நாங்கள் நினைக்கிறோம். குறைந்தால் வந்து எங்களைப் பேசுங்கள்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சி வழமைபோல 7 மணிக்கு, கீழ்மண்டபத்தில். 12 அளவைப் புளூஸை ஜி சுருதியில் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். கோயில் கிற்றாரில் முதல் கம்பி அறுந்திருந்தது, புதியது மாட்டியாயிற்று.