வலி நின்றபின் கெண்டைக்கால்

அக்கிலிஸ் தசைநாண் நாட்பட்ட பாதிப்புக்கு உள்ளான ஓட்டக்காரர்களிடம் கெண்டைக்கால் வலிமை குறைந்திருக்கிறது. அந்தக் குறைவில் பெரும்பங்கு சோலியஸ் தசையுடையது. கெண்டைக்காலில் வெளியே திரண்டு தெரியும் காஸ்ட்ரோக்னீமியஸ் தசை முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் தொடங்குகிறது. அதனடியில் மறைந்திருக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் அக்கிலிஸ் என்னும் ஒரே தசைநாணாகிக் குதிகால் எலும்பில் சேர்கின்றன. ஓடும்போது சோலியஸ் மீது விழும் விசை உடல் எடையைப்போல் ஆறு மடங்கைத் தாண்டும். காஸ்ட்ரோக்னீமியஸ் தாங்குவது அதில் பாதிகூட இல்லை.

நலமான தசைநாண் ஒவ்வோர் அடியிலும் நீண்டு ஆற்றலைச் சேமித்து, பாதம் தரையை விட்டு எழும்போது திருப்பித் தருகிறது. அதனால் தசை இழைகள் அதிகம் சுருங்காமலே வேலை முடிகிறது. நோயுற்ற தசைநாண் தடித்துவிடுகிறது. ஆனால் விறைப்பு குறைகிறது. அதே விசைக்கு அது கூடுதலாக நீள்வதால், தசை இன்னும் அதிகம் சுருங்கியாக வேண்டும். விசை குதிகாலை எட்டவும் தாமதமாகிறது. தரையில் பாதம் கால் நொடிகூடத் தங்காத வேக ஓட்டத்திலும் தாண்டுதலிலும் இந்தத் தாமதம் பெரிய இழப்பு.

பலவீனம் நோயின் விளைவு மட்டும்தானா? பெல்ஜிய இராணுவப் பயிற்சியில் சேர்ந்த இளைஞர்களைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே கெண்டைக்கால் வலிமை குறைந்திருந்தவர்களுக்கே இந்நோய் அதிகம் வந்தது. வலியில்லாத காலிலும் பல வேளைகளில் வலிமை குறைந்தே காணப்படுகிறது. எனவே இரு கால்களையும் ஒப்பிட்டு, வேறுபாடு இல்லை என்று நிறைவடையும் வழக்கத்தை இயன்முறை மருத்துவர்கள் கைவிட வேண்டும். அதே வயதும் அதே விளையாட்டும் உடைய நலமானவர்களின் அளவே சரியான அளவுகோல். முழங்காலை நீட்டி ஒற்றைக்காலில் குதிகாலை எத்தனை முறை உயர்த்துகிறார் என்று எண்ணுவதும் போதாது. எண்ணிக்கை குறையாமலே உயரம் குறைந்துகொண்டு வரும். முழங்காலை மடக்கிச் செய்யும் சோதனையில் காஸ்ட்ரோக்னீமியஸின் உதவி குறைவதால், சோலியஸின் குறை அங்கேதான் தெரியவரும்.

வலி நீங்கியதை வைத்து வீரரைக் களத்துக்கு அனுப்புவது இத்துறையின் பெரிய பிழை. சுவீடனில் சில்பர்னாகல் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வலி முற்றிலும் நீங்கியவர்களில் நான்கில் ஒருவருக்கே தசைச் செயல்பாடு முழுமையாக மீண்டிருந்தது. அதே ஆண்டு வந்த அவர்களின் இன்னோர் ஆய்வு, பத்துக்கு ஐந்து என்ற அளவுவரை வலியை அனுமதித்து ஓட்டத்தையும் குதித்தலையும் தொடர்ந்தவர்களுக்குத் தீங்கு நேரவில்லை என்று காட்டியது. நீண்ட ஓய்வோ தசையை மேலும் மெலியச் செய்யும்.

சுவீடனின் உமேயோ நகரில் மருத்துவர் அல்ஃபிரெட்சன் 1998இல் வகுத்த பயிற்சியில், சுமையோடு குதிகாலை மெல்ல இறக்குவது நாளொன்றுக்கு 180 முறை. 12 வாரங்களில் வலிமை மீண்டது. வாரம் மூன்று நாள் கனத்த எடையை மெதுவாகத் தூக்கி இறக்கும் முறையும் அதற்கு ஈடான பலன் தருவதை 2015இல் டென்மார்க் ஆய்வு காட்டியது. போட்டி அட்டவணைக்கு இடையே வாழும் வீரருக்கு இதுவே கடைப்பிடிக்க எளிது. உட்கார்ந்து முழங்காலை மடக்கிச் செய்யும் கனத்த பயிற்சி இதில் விடுபடக் கூடாது. வலிமை மீள மீள, குதித்தலும் வேக ஓட்டமும் படிப்படியாகக் கூட வேண்டும். களம் திரும்பியபின்னும் பருவம் முழுவதும் எடைப்பயிற்சி தொடர வேண்டும்.