தோற்றது கடலிடம் அல்ல

"கடலிடம் தோற்றது இயந்திரம்." 2010 ஆம் ஆண்டில், வெளிநாட்டுச் செய்தி ஒன்றுக்கு நான் சூட்டிய தலைப்பு இது. கவர்ச்சியான தலைப்புத்தான், ஆனால் பாதி உண்மையே அதில் இருந்தது. மீதியை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தை ஒட்டிய ஃபண்டி விரிகுடாவில் வற்றுப்பெருக்கின் உயரம் சில இடங்களில் 16 மீற்றர் வரை செல்லும். எமது இலங்கைக் கரையில் அது ஒரு மீற்றரைத் தொடுவதே அரிது. மழை பொய்க்கலாம், காற்று ஓயலாம். சந்திரனும் சூரியனும் இயக்கும் இந்த நீரோட்டத்தையோ பல ஆண்டுகளுக்கு முன்னரே கணித்துவிடலாம். அதைவிட, கடல்நீர் காற்றைக் காட்டிலும் 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. காற்றாலையைவிட மிகச் சிறிய சுழலியே இங்கு போதும்.

2009 நவம்பரில் அங்கே இறக்கப்பட்ட 1 மெகாவாற் சுழலியின் இறக்கைகள் சில வாரங்களிலேயே உடைந்தன. நீரோட்டத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிட்டமை பொறியியலாளர்களின் பிழை, மறுப்பதற்கில்லை. ஆயினும் 2016 இல் இறக்கிய 2 மெகாவாற் சுழலி கரைக்கு மின்சாரம் அனுப்பியது. அடுத்த சுழலி 2018 யூலையில் கடலடியை அடைந்த சில நாட்களுக்குள், ஓப்பன்ஹைட்ரோ நிறுவனத்துக்கான நிதியை அதன் பிரெஞ்சுத் தாய்நிறுவனம் நிறுத்தியது. நிறுவனம் வீழ்ந்தது, சுழலி ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைக் கைவிட்டது கடலா, கணக்குப் புத்தகமா?

2022 இல் சஸ்டெயினபிள் மரீன் நிறுவனத்தின் மிதக்கும் மேடை அம்மாகாண மின்வலையமைப்புக்கு மின்சாரம் வழங்கியது. மறு ஆண்டே அந்நிறுவனமும் வெளியேறியது. மீன்களுக்குத் தீங்கு நேராது என்பதற்குச் சமஷ்டி அரசின் மீன்பிடித் திணைக்களம் ஆதாரம் கோரியது, அனுமதி இழுபட்டது.

மீனவரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். 2016 இல் அவர்களது சங்கம் நீதிமன்றம் வரை சென்றது. தொழில் பறிபோகுமோ என்று அஞ்சுபவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சுழலியை நீரில் இறக்கிக் கண்காணிக்காமல் ஆதாரம் எங்கிருந்து கிடைக்கும்? ஒன்றை இறக்கிப் பார், தீங்கெனில் நிறுத்து என்பது நியாயமான நிபந்தனை. நீந்தத் தெரிந்தபின் நீரில் இறங்கு என்பது நிபந்தனையல்ல, மறுப்பு.

ஸ்கொட்லாந்தின் வடக்கே, பென்ற்லன்ட் நீரிணையும் சாதுவான கடல் அல்ல. அங்கு மேஜென் திட்டத்துக்கென நிறுவப்பட்ட, தலா 1.5 மெகாவாற் கொண்ட நான்கு சுழலிகளின் மொத்த உற்பத்தி 2023 இல் 5 கோடி அலகுகளைத் தாண்டியது. அவற்றில் ஒன்று எதிர்பாராத பழுதெதுவுமின்றி ஆறாண்டுகளுக்கு மேல் இயங்கியதாக 2025 இல் அறிவிக்கப்பட்டது. அங்கும் சுழலிகளைப் பழுதுபார்க்க மேலே தூக்க நேர்ந்ததுண்டு. தூக்கியவர்கள் திட்டத்தைக் கைவிடவில்லை. 2022 ஏலத்தில் பிரித்தானிய அரசு இத்தொழிலுக்கெனத் தனி ஒதுக்கீடு செய்து, விலைக்கும் உத்தரவாதம் அளித்தது.

அணுவுக்கும் எண்ணெய்க்கும் பல தசாப்தங்களாகப் பொறுமையும் பொதுப்பணமும் காட்டிய அரசுகள், கடலிடம் மட்டும் முதல் முயற்சியிலேயே இலாபம் கேட்கின்றன. உடைந்த இறக்கைக்குத் தலைப்பிட ஓடிவரும் என் போன்ற பத்திரிகையாளர்கள், ஆறாண்டு ஓயாமல் சுழன்றதைச் செய்தியாகக் கருதுவதில்லை.

தோற்றது இயந்திரமல்ல, எமது பொறுமை. என் பழைய தலைப்பை இவ்வாறே திருத்திக்கொள்கிறேன்.