புது லாரியும் பதிவுப் புத்தகமும்

சங்கங்கள் புதிய யந்திரங்களை வாங்குவது வரவேற்கத்தக்கதே. ஆனால் யந்திரத்தை வாங்கும் சங்கம், அதை இயக்கும் பயிற்சியையும், அதன் போக்கை நாள்தோறும் குறித்து வைக்கும் புத்தகத்தையும் கூடவே வாங்கியாக வேண்டும். இல்லையேல் யந்திரத்தின் குற்றம் அதை ஓட்டும் ஏழையின் தலையில் வந்து விழும். இது என் அபிப்பிராயம். இதற்கு ஆதாரமாக, என் ஆய்வு வட்டத்தில் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை அங்கத்தினர்கள் முன் வைக்கிறேன். சங்கத்தின் பெயரையும், லாரியைச் செய்தவர்களின் பெயரையும் கூறுவது முறையன்று. நமக்கு வேண்டியது பாடமே தவிரப் பழியன்று.

மீஞ்சூர்ப் பக்கத்துக் காய்கறி விவசாயிகளின் சங்கம் ஒன்று சென்ற ஆண்டில் சிறு லாரி ஒன்று வாங்கிற்று. விடியற்காலையில் கீரையும் கத்தரியும் வெண்டையும் ஏற்றித் திருவொற்றியூர், ராயபுரம் கடைகளுக்குக் கொண்டு செல்வது; திரும்பும்போது நெசவாளர் சங்கத்துக்கு நூல் கட்டுகளை வாடகைக்கு ஏற்றி வருவது என்பது ஏற்பாடு. லாரியோ புது மாதிரி. அதில் கிளட்ச் மிதி கிடையாது. கியரை லாரியே மாற்றிக்கொள்ளும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் அகப்பட்டு, நின்று நின்று ஊர்ந்து செல்ல வேண்டிய பாதை அது. ஓயாமல் கிளட்சை மிதிக்கும் டிரைவரின் முழங்கால் படும் பாட்டை எண்ணியே இந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்ததாக நிர்வாகக் குழுவினர் கூறினர். எண்ணம் நல்லதே.

இரண்டாம் மாதத்தில் தொல்லை தொடங்கிற்று. காலையில் புறப்படும்போது லாரி வெட்டி வெட்டி இழுத்தது. சில நாட்களில் கியர் விழாமலே நின்றது. வரிசையில் ஊரும்போதும் மேம்பாலத்தில் ஏறும்போதும் கருகிய நாற்றம் வந்தது. ஒரு நாள் திருவொற்றியூர் அருகே எச்சரிக்கை விளக்கு எரிந்து, லாரி அசையாமல் நின்றுவிட்டது. இழுவை வண்டி வருவதற்குள் வெயில் ஏறிக் கீரை முழுதும் வாடிப் போயிற்று. அன்றைய கிரயம் கிடைக்காமல் போன அங்கத்தினர்கள் காரியதரிசியைச் சூழ்ந்துகொண்டனர். பழுதுபார்க்கும் நிலையத்தாரோ, "டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை, காலையில் இழுப்பது இந்த மாதிரி வண்டிக்கு இயல்பு" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டனர். குழு கூடிற்று. இழுவைக் கூலியையும் கீரையின் நஷ்டத்தையும் டிரைவரின் சம்பளத்தில் மாதம் 1,000 ரூபாய் வீதம் பிடிப்பது என்று தீர்மானம் நிறைவேறிற்று.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். மறுப்புச் சொல்லவில்லை. டிரைவரிடந்தான் தவறு என்று நானும் எண்ணினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர் என்னிடம், "ஐயா, இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறேன். இந்த லாரியைப் பற்றி எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவியைத்தான் கொடுத்தார்கள்" என்றார். லாரியோடு வந்த கையேடு எங்கே என்று கேட்டேன். ஆங்கிலத்தில் இருந்த அப்புத்தகம் காரியதரிசியின் அலமாரியில், உறை பிரிக்கப்படாமல் இருந்தது.

தானே கியர் மாற்றும் யந்திரம் உலகுக்குப் புதிதன்று. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-இல், கப்பலின் டர்பைன் விசையைத் திரவத்தின் வழியே சுழலிக்குக் கொண்டு செல்லும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் 1939-இல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் தானியங்கிக் கியர் பெருமளவில் பொருத்தப்பட்டது. இந்த வகையில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே நிற்பது எண்ணெயே. மற்றொரு வகையில் கியர்ப் பெட்டியும் கிளட்சுத் தட்டும் நாம் அறிந்த பழைய மாதிரியே. காலும் கையும் செய்த வேலையை மட்டும் ஒரு சிறு கணிப்பொறியும் அதன் ஏவலாட்களும் செய்கின்றன. நம் நாட்டில் 2014-இல் மாருதியின் செலேரியோ காரில் வந்து பரவிய வகை இதுவே. சங்கத்தின் லாரியும் இவ்வகையைச் சேர்ந்தது.

இந்த வேற்றுமையை அறிந்தால் கருகிய நாற்றத்தின் காரணம் விளங்கும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் வரிசை நிற்கும்போது, பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை இலேசாக மிதித்தே லாரியைப் பின்வாங்காமல் நிறுத்தி வைப்பது நம் டிரைவரின் பழக்கம். பழைய லாரியில் கிளட்சு தேய்வதைக் கால் உணரும். புது லாரியில் உணர வழியில்லை. தட்டு வழுக்கிச் சூடேறிக் கருகுகிறது. அளவு மீறினால் கணிப்பொறி விளக்கை எரித்து ஓட்டத்தையும் நிறுத்துகிறது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நிறுத்த வேண்டும். முன் வண்டி நன்றாக நகர்ந்த பின்னரே நகர வேண்டும். நெடுநேரம் நின்றால் நியூட்ரலில் வைக்க வேண்டும். இவ்வளவே.

ஆனால் காலையில் வெட்டி இழுப்பதற்கு இது காரணமாகாதே! எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது முதல், லாரிகளோடு வளர்ந்தது இந்த வட்டாரம். இங்கே தெருவுக்கு ஒரு மெக்கானிக், ஆளுக்கு ஓர் அபிப்பிராயம். எண்ணெயை மாற்றச் சொன்னார் ஒருவர். கியர்ப் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார் மற்றொருவர். பிரித்திருந்தால் உத்தரவாதமே கேள்விக்குரியதாகியிருக்கும். காரியதரிசியிடம் சொல்லி, ஒரு ரூல் போட்ட நோட்டுப் புத்தகத்தை லாரியில் வைக்கச் செய்தேன். தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர், பாரம் உண்டா இல்லையா, எஞ்சின் குளிர்ந்திருந்ததா, எந்த விளக்கு எரிந்தது, ஓட்டியவர் யார் என ஏழு கட்டங்கள். வேறொரு டிரைவரையும் சில நாட்கள் ஓட்டச் செய்தோம்.

30 நாட்களில் உண்மை தெளிந்தது. பழக்கத்தை மாற்றிய பின் கருகிய நாற்றம் ஒரு நாளும் வரவில்லை. காலை இழுப்போ 9 முறை வந்திருந்தது. பாரம் இல்லாத நாளிலும் வந்தது. இரண்டு டிரைவர்கள் கையிலும் வந்தது. அந்தப் பக்கங்களின் நகலை ஒரு கடிதத்துடன் நிலையத்தாரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்கினோம். "இயல்பு" என்றவர்கள் அன்று லாரியை முறையாகச் சோதித்தார்கள். கிளட்சை இயக்கும் கருவிக்குச் செல்லும் மின்கம்பியின் இணைப்பு தொடக்கத்திலேயே சரியாகப் பூட்டப்படாமல் தளர்ந்திருந்தது. இலவசமாகவே சரிசெய்து கொடுத்தார்கள்.

ஆகவே பாதிக் குற்றம் யந்திரத்தினுடையது. மீதிக் குற்றம் பயிற்சி தராத சங்கத்தினுடையது. கீரை வாடிய அந்த நாளில் லாரி நின்றது இவ்விரண்டில் எதனால் என்பதை இன்று எவராலும் சொல்ல முடியாது. அன்று குறித்து வைத்தவர் எவருமில்லை. தெரியாத காரணத்துக்கு ஒருவரின் சம்பளத்தைப் பிடிக்கத் துணிந்தோம்! நஷ்டத்துக்காகப் பிடித்தம் செய்யுமுன் தொழிலாளி தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே விதித்தது; 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே கூறுகிறது. சட்டம் படித்தும் வாய் மூடியிருந்தது என் தவறு. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் ரத்துச் செய்யப்பட்டு, பிடித்த தொகை திருப்பித் தரப்பட்டது.

"நுகர்வோர் ஆணையம் இருக்கும்போது நோட்டுப் புத்தகம் எதற்கு?" என்று சிலர் வினவலாம். வாணிப நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்பது சட்டம். சுயதொழிலால் பிழைப்பவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிலையத்திடம் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் யந்திரம் வாங்கிய வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் வாங்கியவரை நுகர்வோராக ஏற்கவில்லை. வாங்கியதன் முதன்மையான நோக்கம் என்ன என்பதை ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டும் என்று 2019-இல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் அதே நீதிமன்றம் கூறிற்று. வாடகைக்கும் லாரி ஓட்டும் சங்கம் ஆணையத்தின் கதவு கட்டாயம் திறக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. எழுத்து மூலமான உத்தரவாதமும், எழுத்து மூலமான முறையீடுமே நமக்கு உறுதியான துணை.

எனவே லாரியோ, டிராக்டரோ, நெசவுக்கூடத்து மோட்டாரோ வாங்கும் சங்கங்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, வாங்கும் நாளில் விற்பவரின் ஆள் நம் டிரைவரோடு, பாரம் ஏற்றி, நம் பாதையிலேயே ஒரு நடை வந்து கற்றுத் தர வேண்டும். இதை வாங்கும் நிபந்தனையாகவே எழுத வேண்டும். இரண்டாவது, கையேட்டின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் எழுதி லாரியில் வைக்க வேண்டும். எந்த எண்ணெய், எப்போது மாற்றுவது, பழுதானால் எப்படி இழுத்துச் செல்வது என்பவை வகைக்கு வகை மாறும். மூன்றாவது, நிலையத்துக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், டிரைவர் சொன்ன குறையை அவர் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதச் செய்து நகல் பெற வேண்டும். நான்காவது, உத்தரவாத காலத்தில் வெளி மெக்கானிக் கை வைக்கலாகாது. ஐந்தாவது, பதிவுப் புத்தகத்தை மாதந்தோறும் குழு பார்வையிட வேண்டும். அதைப் பாராமல் எவர் மீதும் பிடித்தம் கூடாது.

இதற்குச் செலவாகும் என்பர். 1844-இல் ராக்டேல் நகரில் நம் இயக்கத்துக்கு வழிகாட்டிய 28 பேரில் நெசவாளர்களும் இருந்தனர். அவர்கள் வழி வந்த கூட்டுறவுக் கோட்பாடுகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் தகவலுமாகும். அக்கல்வி தலைவருக்கும் காரியதரிசிக்கும் மட்டும் உரியதன்று. அதிகாலையில் நம் விளைச்சலை ஏற்றிச் செல்லும் டிரைவருக்கும் உரியது. லாரி வைத்திருக்கும் சங்கங்கள் அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள் நிரலிலேயே இதைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆய்வுக்கு வரும்போது, ரொக்கப் புத்தகத்தோடு லாரியின் புத்தகத்தையும் நான் கேட்பேன்.