மழை: பூஜ்யம்

தை மாதத்து விடியற்காலையில் போர்வையை விட்டு எழுந்திருப்பதைக் காட்டிலும் கடினமான காரியம் இவ்வுலகில் வேறு உண்டா என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தரையையும் மச்சையும் துளைக்கக்கூடிய பனிக்கு ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரின் பழைய போர்வை எம்மாத்திரம்?

சென்ற ஜனவரி 30-ந் தேதி காலையில் கும்பகோணத்தில் எங்கள் தெருவைப் பனிமூட்டம் அடியோடு மறைத்திருந்தது. எதிர் வீட்டுத் திண்ணைகூடத் தெரியவில்லை. பால்காரரின் சைக்கிள் மணி மட்டும் எங்கிருந்தோ கேட்டது. கணக்குப்படி சுமார் 6 மணி 36 நிமிஷத்திற்குச் சூரியன் உதித்திருக்க வேண்டும். உதித்ததற்கு அடையாளம் ஒன்றையும் காணோம்.

"டிசம்பர் 22-ந் தேதியோடு பகல் நீள ஆரம்பித்துவிட்டதே, பின்னே ஜனவரி மாதக் கடைசியிலும் சூரியன் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறான்?" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். என் வகுப்புப் பிள்ளைகளும் கேட்டார்கள். பகல் நீளுவது உண்மைதான். ஆனால் நம் பக்கத்தில் அந்த நீளம் முதலில் சாயங்காலத்தில்தான் வந்து சேருகிறது. காலையில் உதயமாகும் நேரமோ, ஜனவரிப் பின்பாதி வரையில் சற்றுச் சற்றாகப் பிந்திக்கொண்டே போகிறது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பூமி சூரியனுக்கு மிகவும் சமீபத்தில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில்தான். அப்போது இடைத்தூரம் சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர். ஜூலை மாதத்திலோ 15 கோடியே 20 லட்சம். நெருப்புக்குக் கிட்டே வந்து உட்கார்ந்துகொண்டு குளிரில் நடுங்குகிறோம்! சூரிய கிரணங்கள் சாய்வாக விழுவதுதான் குளிருக்குக் காரணமே தவிர, தூரம் அல்ல.

இப்படிப்பட்ட சங்கதிகளில் நான் கல்லூரியில் கற்றது கொஞ்சம். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவரிடம் கற்றதே அதிகம். அவர் 1938-ல் பிறந்தவர். பொதுப்பணி இலாகாவில் வேலை பார்த்து 1996-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் சாதாரணமாகச் செய்யும் காரியங்களான கோவில், திண்ணைப் பேச்சு, பேரன் பேத்திகளுக்குப் புத்திமதி ஆகிய மூன்றையும் அவரும் குறைவின்றிச் செய்து வருகிறார். நான்காவதாக ஒரு காரியம் உண்டு. அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு மழைமானி இருக்கிறது. தினம் காலை 8 மணி 30 நிமிஷத்திற்கு அதைத் திறந்து பார்த்து, உஷ்ணமானியையும் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவார். வானிலை இலாகாவின் நிலையங்களிலும் மழைக் கணக்குக்கு அதே நேரந்தான்.

அன்று காலை நான் போனபோது, அவர் கம்பளிக் குல்லாயுடன் மழைமானியின் அருகில் குந்தியிருந்தார்.

"பலமான பனி பெய்திருக்கிறதே, ஐயா!" என்றேன்.

"பனி பெய்வதில்லை, தம்பி; இருந்த இடத்திலேயே உண்டாகிறது" என்று அவர் ஆரம்பித்தார். இராத்திரி ஆகாயம் நிர்மலமாக இருந்தால், பகலில் வாங்கிய உஷ்ணத்தைப் பூமி தாராளமாக விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி அந்த உஷ்ணத்தைத் தடுத்து நிறுத்தும். போர்வை இல்லாத இரவில் புல்லும் இலையும் சில்லிட்டுப்போக, அவற்றைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படிகிறது. இதை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற வைத்தியர் பல இரவுகள் கண்விழித்துச் சோதித்து 1814-ல் புத்தகமாக வெளியிட்டார். "நட்சத்திரம் நன்றாகத் தெரிந்த இராத்திரிக்கு மறுநாள் காலையில் குளிர் அதிகம்" என்று முடித்தார் பெரியவர்.

பிறகு அளவு ஜாடியை என்னிடம் நீட்டி, "இதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அந்த ஜாடியைப் பிறர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. வாங்கிப் பார்த்தேன். ஜாடியில் தண்ணீர் இல்லை. புனலின் விளிம்பில் நாலைந்து பனித்துளிகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பூஜ்யம்" என்றேன்.

"நிச்சயமாகவா? பனி சில நாள் ஜாடியிலும் இறங்கிவிடும். அளவுக் கோடு எனக்குத் தெரியவில்லை, தம்பி. மூன்று மாதமாகத் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இப்போது அதுவும் உதவவில்லை."

உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் அலமாரியைத் திறந்தார். நோட்டுப் புத்தகங்கள் ஐந்து தட்டுகளில் அடுக்கியிருந்தன. மேல் தட்டில் இருந்தவை அவருடைய தகப்பனார் எழுதியவை. தகப்பனார் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அங்கே மழை அளக்கும் பொறுப்பு அவருடையது. சர்க்கார் பதிவேட்டில் எழுதியதை வீட்டிலும் தமக்கென்று ஒரு பிரதி எழுதி வைத்தார். அங்குலத்திலும் சென்ட்டிலும் எழுதிய பழைய கணக்கு, பின்னால் மகன் கையெழுத்தில் மில்லிமீட்டராக மாறுகிறது.

"இன்று என்ன தேதி, சொல்லுங்கள்" என்று கேட்டு ஒரு புத்தகத்தை எடுத்தார்.

ஜனவரி 30-ந் தேதி தமிழ்நாட்டாருக்கும் இந்திய தேசத்தாருக்கும் சாமானியமான தேதி அல்ல. 1874-ம் வருஷத்தில் இதே தேதியில்தான் இராமலிங்க சுவாமிகள் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பசித்தவர்களுக்காக அவர் 1867-ல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை எரிகிறது. 1948-ம் வருஷத்து ஜனவரி 30 வெள்ளிக்கிழமை. டில்லியில் குளிர்காலத்துச் சாயங்காலம் 5 மணி 17 நிமிஷம். காந்தி மகான் பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். 1921-ல் மதுரையில் ஏழைகளின் கோலத்தை மேற்கொண்டு, 1931-ல் லண்டன் குளிரிலும் அதை மாற்றாத அந்தத் திருமேனியின் மேல் அன்று ஒரு சால்வைதான் இருந்தது. பிறகு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

பெரியவர் அப்போது ஒன்பது வயதுப் பையன். "கடைத் தெருவில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தது. அப்பா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். பெரிய கூட்டம். யாரும் பேசவில்லை. அப்பா அழுததை அன்றுதான் நான் முதல் முதலில் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார்.

ஜனவரி 30-ந் தேதிக்கு நேராக, "நல்ல பனி. மழை: பூஜ்யம்" என்று இருந்தது. காலையிலேயே எழுதியது, சாயங்காலம் நேரப்போவதை அந்தக் கை அறியாது. அடுத்த வரி 31-ந் தேதி. அதே கையெழுத்து, அதே கறுப்பு மசி. "மழை: பூஜ்யம். அடுப்பு மூட்டவில்லை."

அவ்வளவுதான். வேறு ஒரு சொல் இல்லை. மகாத்மாவைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். அந்த இரண்டு சொற்களைப் பார்த்தபோது தொண்டையை அடைத்தது.

"அன்று கச்சேரியில் வேலை ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அப்பா வழக்கமான நேரத்துக்குப் போய் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்தார். 'துக்கம் நமக்கு, ஆகாயத்துக்கு இல்லை' என்றார். எனக்கு அந்தத் திடம் இல்லை" என்று சொல்லி இன்னொரு புத்தகத்தை எடுத்தார். 1987-ம் வருஷம் நவம்பர் மாதம். ஒரு தேதிக்கு நேரே எண் இல்லை. சிறிய கோடு மட்டும் இருந்தது.

"அன்று என் மனைவி காலமானாள். மழை பெய்ததா, இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. பிறகு பூஜ்யம் என்று போட்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பூஜ்யம் என்றால், பார்த்தேன், இல்லை என்று அர்த்தம். கோடு என்றால், பார்க்கவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒன்றாகுமா, தம்பி?"

இருபது வருஷங்களாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பூஜ்யத்துக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாக நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

மழை பெய்த நாளை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். பெய்யாத நாளை யார் நினைக்கிறார்கள்? ஆனால் பஞ்சம் என்பது பெய்யாத நாட்களின் கூட்டந்தானே? 1876-ல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. தொடர்ந்து 1878 வரை நீடித்த பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-லேயே வானாராய்ச்சி நிலையம் கட்டியிருந்தார்கள். ஆனால் ஒரு பெரிய நகரத்தில் மட்டும் அளந்தால் தேசத்தின் மழை தெரிந்துவிடாது. 1864-ல் கல்கத்தாவை அழித்த புயலும், 1866-லும் 1871-லும் மழை தவறியதும் பாடம் புகட்டிய பிறகே, 1875-ல் இந்தியா முழுவதற்கும் வானிலை இலாகா ஏற்பட்டது. அந்த இலாகாவின் பெரிய புள்ளி விவரங்களுக்கெல்லாம் அடியில் இருப்பவை, தாலுகாதோறும் பெயர் தெரியாத குமாஸ்தாக்கள் காலையில் குனிந்து பார்த்து எழுதிய சின்ன எண்கள். அவற்றில் பெரும்பாலானவை பூஜ்யங்கள்.

குமாஸ்தா பார்த்து எழுதினால் மட்டும் போதாது. அவர் கையிலுள்ள கருவியும் பொய் சொல்லக்கூடாது. சுதந்திரம் வந்த புதிதில் சாதாரண வானிலைக் கருவிகளுக்கும் நாம் அயல்நாட்டை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர் ஒரு பெண்மணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி, ஸர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். காந்தியடிகளின் கொள்கையில் ஈடுபட்டுக் கதர் உடுத்தியவர். இங்கிலாந்தில் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுக்கொண்டு, அதே 1948-ம் வருஷத்தில் புனாவில் இலாகாவில் சேர்ந்தார். சுமார் நூறு கருவிகளுக்குத் திட்டமான வரைபடங்கள் தயாரித்து, அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தார். 1976-ல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. இந்தியாவில் வெயிலும் காற்றும் எங்கே எவ்வளவு கிடைக்கின்றன என்பதற்கு ஆதாரமான நூல்களை அதன் பிறகே வெளியிட்டார்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகப் பேசி முடித்தேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான். நான் இந்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறேன்" என்றார்.

"ஏன், ஐயா?"

"கண் தெரியாமல் எழுதுவது எண் ஆகுமா? நாளைக்கு ஒரு நாள் இரண்டு மில்லிமீட்டரைப் பூஜ்யம் என்று எழுதிவிடுவேன். அப்பா எழுதிய புத்தகத்தோடு அந்தப் பொய்யும் சேர்ந்து நிற்கும். மேலும், மேட்டூர் அணையை மூடுவதற்கென்று ஏற்பட்ட தேதியும் ஜனவரி 28 தானே? நானும் மூடிவிடுகிறேன்."

"மேட்டூர் அணையை மறுபடியும் ஜூன் 12-ந் தேதி திறப்பதென்று ஒரு வழக்கம் இருக்கிறதே!" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் சம்மதிக்கவில்லை.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் தியாகிகள் தினத்தை முன்னிட்டு இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றோம். பனி விலகி நல்ல வெயில் வந்திருந்தது. எண்ணூறு பிள்ளைகள் சத்தமில்லாமல் நிற்பது எவ்வளவு அபூர்வமான காட்சி என்பது உபாத்தியாயர்களுக்குத்தான் தெரியும். அப்போது என் மனத்தில் பிரசங்கம் ஒன்றும் ஓடவில்லை. "அடுப்பு மூட்டவில்லை" என்ற வரிதான் இருந்தது. அந்த வரிசைக்கு இனிமேல் கோடு மட்டுந்தானா என்று வருத்தமாக இருந்தது.

மௌனம் முடிந்ததும், எங்கள் தெருவிலேயே இருக்கும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "தினமும் வர வேண்டும், அம்மா. பண்டிகை, விடுமுறை என்று பார்க்கக்கூடாது. நீ வர முடியாத நாளில் நான் வருகிறேன்" என்றேன். அவள் யோசிக்காமல், "மழை பெய்யாத நாளிலுமா, ஸார்?" என்று கேட்டாள். "அந்த நாளில்தான் முக்கியம்" என்றேன்.

மறுநாள் 31-ந் தேதி காலை அவளைப் பெரியவரிடம் அழைத்துப் போனேன். அவர் உடனே புத்தகத்தைக் கொடுத்துவிடவில்லை. ஜாடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கண்ணைத் தண்ணீரின் மட்டத்திற்குத் தாழ்த்திப் படிக்கச் சொன்னார். மூன்று தடவை அளவை மாற்றி மாற்றிப் பரீட்சை வைத்தார். மூன்று தடவையும் சரியாகச் சொன்னாள். பிறகு, "தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுது. ஊகித்து எழுதாதே. இது ஒன்றுதான் நிபந்தனை" என்று சொல்லி, மழைமானியைத் திறக்கச் சொன்னார்.

அவள் புனலை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தாள். ஜாடியில் கவிழ்த்துப் பார்த்தாள்.

"பூஜ்யம், தாத்தா."

"இன்னும் ஒரு தடவை பார், அம்மா."

அவள் மறுபடியும் குந்தி உட்கார்ந்து, வெளிச்சத்தில் ஜாடியைப் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். பூஜ்யந்தான். பெரியவர் பேனாவை அவள் கையில் கொடுத்தார்.